மிரட்டல் கடிதத்தில் எதைப் பார்ப்பது? துப்பறியும் கதைகளும் தடயவியல் மொழியியலும்

(சில பழைய கதைகளின் முடிச்சு இந்தப் பதிவில் அவிழ்கிறது. படிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஆர்தர் கானன் டாயிலின் 'தி அட்வென்ச்சர் ஆஃப் தி த்ரீ கேரிடெப்ஸ்' 1924-இல் வந்த கதை. பர்மிங்காமில் விவசாயக் கருவிகள் செய்யும் ஒருவர் கொடுத்ததாக அதில் ஒரு பத்திரிகை விளம்பரம் வரும். ஷெர்லக் ஹோம்ஸ் அது போலி என்று கண்டுபிடிக்கக் காரணம் மூன்று. கலப்பைக்கான ஆங்கிலச் சொல் அமெரிக்கர்கள் எழுதுகிற மாதிரி 'ஓ-டபிள்யூ' என்று எழுதப்பட்டிருக்கிறது. இங்கிலாந்துக்காரர் 'ஓ-யூ-ஜி-எச்' என்று எழுதியிருப்பார். சாமான் பட்டியலில் 'பக்போர்டு' என்ற வண்டி இருக்கிறது. அது அமெரிக்க வண்டி. ஆர்ட்டீசியன் கிணற்றுக்கு (நீர் தானே மேலெழும் ஆழ்கிணறு) மதிப்பீடு தரப்படும் என்கிறது; அதுவும் இங்கிலாந்தைவிட அமெரிக்காவில் அதிகம் புழங்கியது. கைக்கு வந்ததை வந்தபடியே அச்சுக்கோத்துவிட்டார்கள். ஆக, இங்கிலாந்து நிறுவனத்தின் பெயரில் எழுதியவர் ஓர் அமெரிக்கர்.

துப்பறியும் கதைகளில் வரும் மொழித் துப்புகளில், இன்றைய தொழில்முறை ஆய்வுக்கு மிக அருகில் நிற்பது இதுதான் என்பது என் கணிப்பு. மூன்று அடையாளங்களும் வெவ்வேறு தளத்தைச் சேர்ந்தவை: ஒன்று எழுத்துக்கூட்டல், ஒன்று சொல், ஒன்று பேசப்படும் பொருள். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததாகச் சொல்ல முடியாது; ஆனாலும் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. எழுதியவருக்கோ இவை தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்றே தெரியாது. ஹோம்ஸும் அளவோடு நிற்கிறார். மொழியை வைத்து 'அமெரிக்கர்' என்பதோடு நிறுத்திக்கொண்டு, ஆள் யார் என்பதை மற்றச் சாட்சியங்களிலிருந்து எடுக்கிறார். (விளம்பரத்தில் இருக்கும் போலி முகவரி ஆஸ்டன். எழுத்தையும் பேச்சையும் குற்ற விசாரணைக்காக ஆராயும் தடயவியல் மொழியியலுக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் இன்று இயங்குவது அதே பர்மிங்காமில் உள்ள ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில். தற்செயல்தான், ஆனால் மகிழ்ச்சியான தற்செயல்.)

எழுதுபவர் எதைக் காவல் காக்கிறாரோ அங்கே தேடிப் பயனில்லை. அவர் கவனம் போகாத இடத்தில்தான் துப்பு கிடைக்கும். நல்ல கதையையும் மோசமான கதையையும் நான் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் பிரிக்கிறேன்.

மற்றக் கதைகளுக்குப் போவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கையெழுத்தை ஒப்பிடுவது, டைப்ரைட்டரில் தேய்ந்த எழுத்தைப் பார்ப்பது, காகிதம், மை, பசை எல்லாம் ஆவண ஆய்வு. 'எ கேஸ் ஆஃப் ஐடென்டிட்டி'யில் (1891) 'ஈ' மங்கலாகவும் 'ஆர்' வால் அறுந்தும் விழுவதை வைத்து டைப்ரைட்டரைப் பிடிப்பது அந்த வகை. 'ரைகேட்' கதையில் ஒரே சீட்டை இரண்டு பேர் சொல் மாற்றிச் சொல்லாக எழுதியதைக் கண்டுபிடிப்பதும் அப்படியே. மொழியியல் ஆய்வு என்பது அந்தக் கடிதத்தை வேறொருவர் பிரதி எடுத்துக் கொடுத்தாலும் மிஞ்சி நிற்பதைப் பார்ப்பது: எழுத்துக்கூட்டல், சொல், வாக்கிய அமைப்பு, நிறுத்தற்குறி, பேச்சு முறை. வாட்ஸ்அப் காலத்தில் கையெழுத்து அநேகமாக இல்லாமலே போய்விட்டதால் இதற்கு வேலை கூடியிருக்கிறது.

இந்த வரிசையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது 'எ ஸ்காண்டல் இன் பொஹீமியா' (1891). பெயரில்லாத கடிதத்தின் ஒரு வாக்கியத்தில் வினைச்சொல் நம் தமிழில் வருவதுபோல் கடைசியில் போய் நிற்கிறது. பிரெஞ்சுக்காரரோ ரஷ்யரோ அப்படி எழுத மாட்டார், ஜெர்மானியர்தான் என்பார் ஹோம்ஸ். படிக்க அழகாக இருக்கும். ஆய்வாக எடுத்தால் பலவீனமானது. அந்த இடத்தில் டச்சு மொழியிலும் வினை கடைசியில்தான் வரும். டச்சுக்காரரை அவர் விலக்கவே இல்லை. ஒரே ஒரு வாக்கியம் வேறு. காகிதத்தின் நீர்க்குறியும் பொஹீமியாவைக் காட்டியதால் முடிவு தப்பித்தது. 'இந்த அடையாளம் வேறு யாரிடமெல்லாம் இருக்கும்?' என்ற கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் கதைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. நீதிமன்றத்தில் அதைக் கேட்க எதிர்த்தரப்பு வழக்கறிஞர் காத்திருப்பார்.

அதே டாயில் 1911-இல் எழுதிய 'தி ரெட் சர்க்கிள்' இதைவிடப் பல மடங்கு நுட்பமானது, பேசப்படுவதோ குறைவு. வாடகை அறைக்குள் வந்து அடைந்துகொண்ட ஆள் வெளியே முகம் காட்டுவதில்லை. வேண்டியதைத் துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பார்: சோப்பு, தீக்குச்சி, நாளிதழ். தீக்குச்சி கேட்கும் சீட்டில் பன்மை இல்லை, 'மேட்ச்' என்று ஒருமையில் இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர் யாரும் அப்படிக் கேட்க மாட்டார். அகராதியைப் பார்த்து எடுத்த சொல் அது; அகராதி ஒருமையைத்தான் தரும். அறையைப் பேசிப் பிடித்த ஆளோ நன்றாக ஆங்கிலம் பேசியவர். அப்படியானால் உள்ளே இருப்பது வேறு ஆள். பிறகு எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து விளக்கசைவில் இத்தாலிய மொழியில் 'அத்தென்த்தா', ஜாக்கிரதை, என்று செய்தி வருகிறது. முடிவில் உள்ள 'ஆ' பெண்பால் விகுதி, ஆகவே செய்தி போவது ஒரு பெண்ணுக்கு. ஒரு பன்மை விகுதி இல்லாததிலிருந்தும் ஒரு பால் விகுதி இருப்பதிலிருந்தும் கதையின் பாதி முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. இரண்டுமே எழுதியவர் யோசிக்காமல் விட்ட இடங்கள்.

எட்கர் ஆலன் போவின் 'தி மர்டர்ஸ் இன் தி ரூ மோர்க்' (1841) இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் முன்னோடி. அதன் மையமே ஒரு மொழிச் சிக்கல். கொலை நடந்த வீட்டிலிருந்து இரண்டு குரல்கள் கேட்டன. கரகரப்பான குரல் பிரெஞ்சு என்பதில் சாட்சிகளுக்குள் சண்டையே இல்லை. கீச்சுக்குரலில்தான் ஆளுக்கொரு மொழி. பிரெஞ்சுக் காவலர் ஸ்பானிஷ் என்கிறார், இன்னொரு பிரெஞ்சுக்காரர் இத்தாலியன் என்கிறார். டச்சுக்காரருக்கு அது பிரெஞ்சு, ஆங்கிலேயருக்கு ஜெர்மன், ஸ்பெயின்காரருக்கு ஆங்கிலம், இத்தாலியருக்கு ரஷ்யன். தான் சொல்லும் மொழி அவர்களில் யாருக்கும் தெரியாது.

சாட்சியத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'அது என் மொழி இல்லை' என்று ஒருவர் சொன்னால் அதை நம்பலாம். தாய்மொழி காதில் விழுந்தால் ஒரு சொல்லாவது பிடிபடும். 'அது இன்ன மொழி' என்று தெரியாத மொழியின் பெயரைச் சொன்னால் அதைத் தள்ளிவிட வேண்டும். அது வெறும் ஓசை நயத்தை வைத்துச் சொல்லும் ஊகம். நம்பகமான பகுதிகளை மட்டும் சேர்த்தால், அங்கிருந்த எந்த மொழிக்காரருக்கும் ஓர் அசைகூடப் பிடிபடவில்லை என்பதுதான் மிஞ்சும். மனித மொழியே இல்லை என்ற முடிவுக்குக் கதையின் துப்பறிவாளர் துப்பான் வருவது இந்த வழியாகத்தான். குரல் சாட்சியத்தை எடைபோட இன்றைக்கும் இதே பிரிவினைதான் உதவும்.

குரலில் வேறு ஓர் அபாயமும் உண்டு. யார்க்‌ஷயரில் பெண்கள் தொடர்ந்து கொல்லப்பட்ட வழக்கில், 1979-இல் கொலைகாரன் என்று சொல்லிக்கொண்ட ஒருவனின் ஒலிநாடா போலீசுக்கு வந்தது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி எல்லிஸ் உச்சரிப்பை வைத்து சண்டர்லாந்தின் காஸில்டவுன் பகுதி வரைக்கும் குறுக்கிக் காட்டினார். அந்தக் கணிப்பு சரி. ஆனால் நாடாவை அனுப்பியவன் கொலைகாரன் இல்லை. அந்த உச்சரிப்பு இல்லாதவர்களை போலீஸ் சந்தேக வட்டத்திலிருந்து விலக்கியது; உண்மைக் கொலைகாரன் பீட்டர் சட்கிளிஃப் அந்த வட்டத்துக்கு வெளியே இருந்து மேலும் மூன்று பெண்களைக் கொன்றான். மொழியியலாளர்களே இது ஏமாற்று வேலையாக இருக்கலாம் என்று எச்சரித்திருந்தார்கள். நாடா அனுப்பியவன் டிஎன்ஏ மூலம் சிக்கி 2006-இல் தண்டனை பெற்றான். பேசியவர் யார் என்று மொழி சொல்லலாம். கொன்றவர் அவர்தானா என்று அது சொல்லாது. கதை எழுதுகிறவர்களுக்கு இந்த இடைவெளியில் ஒரு முழு நாவலே இருக்கிறது.

இனி, வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதுகிறவர்கள். அமெரிக்க மொழியியலாளர் ராஜர் ஷூய் கையில் வந்த ஒரு குழந்தைக் கடத்தல் கடிதம் இத்துறையில் பாடமாகவே ஆகிவிட்டது. பத்தாயிரம் டாலரைப் பச்சை நிறக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்லும் கடிதம். போலீசைக் குறிக்கும் 'காப்ஸ்', தொட்டியைக் குறிக்கும் 'கேன்' இரண்டையும் 'சி' போட வேண்டிய இடத்தில் 'கே' போட்டு எழுதியிருந்தது. 'டாட்டர்' என்பதிலும் பிழை. ஆனால் அதைவிடக் கடினமான 'பிரெஷஸ்', 'டயபர்', 'வாட்சிங்' எல்லாம் சரியாக இருந்தன; நிறுத்தற்குறிகளும் பெரும்பாலும் சரி. கடினத்தைச் சரியாகவும் எளிதைத் தப்பாகவும் எழுதுகிறவர் படிக்காதவராக நடிக்கும் படித்தவர். அதோடு, நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் உள்ள புல்தரையை அந்தக் கடிதம் 'டெவில் ஸ்ட்ரிப்' என்கிறது. அந்தச் சொல் புழங்குவது ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் வட்டாரத்தில். ஆக்ரனைச் சேர்ந்த படித்தவர் யாராவது உங்கள் பட்டியலில் இருக்கிறாரா என்று ஷூய் கேட்டார். ஒருவர் இருந்தார். எழுத்துக்கூட்டலுக்கு அத்தனை வேஷம் போட்டவருக்கு, ஊர்ச்சொல் ஊர்ச்சொல் என்றே தெரியவில்லை.

தமிழில் இதை எப்படிச் செய்வது? நானே கட்டிய ஒரு சீட்டு:

'பையண் எங்க கிட்ட இருக்கான். பனத்தை எடுத்துக்கொண்டு பழைய பாலத்துக்குப் பக்கத்தில் தனியாக வரவும். போலிஷுக்குப் போனால் பையண் உயிரோடு கிடைக்க மாட்டான்.'

மேலோட்டமாகப் பார்த்தால் எழுதத் தெரியாத ஆள். பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேறு மாதிரித் தெரியும். 'பாலத்துக்குப் பக்கத்தில்', 'போலிஷுக்குப் போனால்' இரண்டிலும் ஒற்று மிகுந்திருக்கிறது. எழுத்துத் தடுமாற்றம் உள்ளவர்களிடம் முதலில் காணாமல் போவது ஒற்று. 'பழைய'வில் ழகரம் சரி. ழகரம் வராதவர் 'பளைய' என்று எழுதியிருப்பார். 'போனால்', 'கிடைக்க' என்று நூல் வழக்கு. பேசுகிறபடி எழுதுகிறவராக இருந்தால் 'போனா', 'கெடைக்க'. 'வரவும்' என்பது அறிவிப்புப் பலகையின் தமிழ், அலுவலகக் கடிதம் எழுதிப் பழகிய கை. பிழைகளைப் பாருங்கள்: 'பையண்', 'பனம்', 'போலிஷ்'. மூன்றும் கண்ணில் குத்துகிற இடத்தில், பெயர்ச்சொல்லில் மட்டும் இருக்கின்றன. வினைகளில் பிழையே இல்லை. இவர் பிழைகளைத் தெரிந்தே வைத்திருக்கிறார். வைத்த பிறகு ஒற்றைக் கலைக்க மறந்துவிட்டார்.

ஊரைக் கண்டுபிடிக்க வட்டாரச் சொற்களைத்தான் எழுத்தாளர்கள் தேடுவார்கள்: 'ஏலே', 'ஏனுங்க'. அவை வேஷத்துக்கு உரியவை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். தொடர்வினையைப் பாருங்கள். 'போயிட்டு இருக்கேன்', 'போய்க்கினு கீறேன்', 'போயிண்டிருக்கேன்', யாழ்ப்பாணத்தில் 'போய்க்கொண்டிருக்கிறன்'. ஒருவர் ஊரை மறைக்க நினைத்தாலும் இந்த நடுத்துண்டு மூன்றாம் நான்காம் வரியில் நழுவி வெளியே வந்துவிடும்.

எழுதியவர் யார் என்பதைவிட, சொன்னவரும் எழுதியவரும் ஒருவர்தானா என்ற கேள்வி இன்னும் கனமானது. இந்தத் துறைக்குப் பெயரே அங்கிருந்துதான் வந்தது. திமத்தி எவன்ஸ் 1950-இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டவர். அவருடைய வாக்குமூலங்களில் ஒரே ஆளின் மொழி இல்லை என்று ஸ்வீடன் மொழியியலாளர் யான் ஸ்வார்ட்விக் 1968-இல் காட்டினார். 'தடயவியல் மொழியியல்' என்ற பெயரும் அந்த ஆய்வில்தான் வருகிறது. அதைவிடத் தெளிவானது டெரெக் பென்ட்லி வழக்கு. 1952-இல் லண்டனை அடுத்த கிராய்டனில் ஒரு காவலர் சுடப்பட்டார். சுட்டவன் 16 வயதுக் கூட்டாளி. 19 வயது பென்ட்லி 1953 ஜனவரி 28 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் வாக்குமூலம், கேள்வியே கேட்காமல் அவராகச் சொல்லச் சொல்ல எழுதியது என்று போலீஸ் சாதித்தது.

மொழியியலாளர் மால்கம் கூல்ட்ஹார்ட் அந்த வாக்குமூலத்தில் எடுத்துக்கொண்டது 'தென்' என்ற சின்னச் சொல்லை, நம் 'பிறகு'. 582 சொற்களில் அது பத்து முறை வருகிறது, அதாவது 58 சொல்லுக்கு ஒன்று. பேச்சு ஆங்கிலத் தொகுப்பில் 500 சொல்லுக்கு ஒன்று. போலீஸ்காரர்கள் எழுதும் அறிக்கைகளில் 78 சொல்லுக்கு ஒன்று. இதைவிட முக்கியமானது வரிசை. சாதாரண மனிதர் 'தென் ஐ' என்பார். பென்ட்லி பெயரில் இருப்பது 'ஐ தென்', 190 சொல்லுக்கு ஒரு முறை. போலீஸ் அறிக்கைகளில் 119 சொல்லுக்கு ஒரு முறை. பேச்சு ஆங்கிலத்தில் 1,65,000 சொல்லுக்கு ஒரு முறை. அந்தப் பையன் வாயில் போலீஸ் நடை பேசுகிறது. இன்னொன்றும் உண்டு. 'அவன் எங்கே போனான் என்று நான் பார்க்கவில்லை' என்கிற மாதிரியான எதிர்மறை வாக்கியங்கள் அதில் காரணமில்லாமல் வருகின்றன. தானாகக் கதை சொல்கிறவர் நடக்காததைச் சொல்ல மாட்டார். யாராவது கேட்டால்தான் சொல்வார். 1998 ஜூலை 30 அன்று தீர்ப்பு ரத்தானது. அதற்கு முதன்மையான காரணம், ஜூரிக்கு நீதிபதி வழங்கிய வழிகாட்டுதலில் இருந்த குறைகள். மொழி ஆய்வு மட்டுமே அவருக்கு நீதி வாங்கித் தந்தது என்று எழுதுகிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள்.

நம் ஊரில் போலீஸ் எழுதும் வாக்குமூலங்களைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கூலி வேலை செய்கிற பெண்மணி சொன்னதாக 'மேற்படி எதிரி சம்பவ இடத்திலிருந்து தப்பிச் சென்றுவிட்டார்' என்று இருக்கும். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட அவர் வீட்டில் புழங்குவதில்லை. தமிழில் நீதிமன்றக் கதை எழுதுகிறவர்கள் ஏன் இந்தப் புதையலைத் தொடுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

கதையில் நிபுணர் ஒருவரைக் கொண்டுவருவதானால் வேலை நடக்கும் வரிசை இது. முதலில் சந்தேகக் கடிதத்தைப் பிழைகளோடு, இடைவெளிகளோடு, வரி முறிகிற இடங்களோடு அப்படியே பிரதி எடுப்பார். தட்டச்சு செய்யும் உதவியாளர் நல்லெண்ணத்தில் ஒரு பிழையைத் திருத்தினாலும் வேலை கெட்டுவிடும். அடுத்து, சந்தேக நபர்களின் எழுத்தைப் பார்ப்பதற்கு முன்பே, கடிதத்தில் எவை அடையாளம் என்று பட்டியல் போட்டுவிடுவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டியல் போட்டால், ஒத்துப்போவது மட்டும்தான் கண்ணில் படும். வழக்கு விவரத்தையும் இயன்றவரை அவருக்குச் சொல்லக் கூடாது. பிறகு ஒப்பீட்டு எழுத்து. மிரட்டல் குறுஞ்செய்தியோடு ஒருவரின் பிஎச்டி ஆய்வேட்டை ஒப்பிடுவது வீண். குறுஞ்செய்திக்குக் குறுஞ்செய்தி, ஏறக்குறைய அதே காலம், முடிந்தால் அதே மாதிரி உறவில் இருப்பவருக்கு எழுதியது. அம்மாவுக்கு ஒரு மாதிரியும் மேலாளருக்கு ஒரு மாதிரியும் எழுதாதவர் யார்? கடைசியில், கண்ட அடையாளம் மற்றவர்களிடம் எவ்வளவு அரிது என்று பலர் எழுதியதைத் திரட்டிய பெரிய தொகுப்பில் பார்ப்பார். ஹோம்ஸ் ஜெர்மானியரிடம் விட்டது இந்தப் படியைத்தான்.

கணினி முறைக்கு நல்ல உதாரணம் ஒரு துப்பறியும் நாவலே. 2013-இல் ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் வந்த 'தி குக்கூஸ் காலிங்' யார் எழுதியது என்று லண்டன் சண்டே டைம்ஸ் கேட்டபோது, கணினியால் எழுத்து நடையை ஆராயும் பேட்ரிக் ஜுவோலா நான்கு சோதனைகள் செய்தார்: சொற்களின் நீளப் பரவல், அதிகம் வரும் 100 சொற்கள், அடுத்தடுத்த நான்கு எழுத்துக் கோவைகள், சொல் ஜோடிகள். ஜே.கே. ரௌலிங்கோடு ரூத் ரெண்டல், பி.டி. ஜேம்ஸ், வால் மெக்டெர்மிட் ஆகியோரின் நூல்களையும் சேர்த்தே ஒப்பிட்டார். ஒவ்வொரு சோதனையிலும் ரௌலிங் முதலிடத்திலோ இரண்டாம் இடத்திலோ வந்தார். பிறகு அவரே ஒப்புக்கொண்டார். இங்கே பலர் கவனிக்காத விஷயம், ரௌலிங் என்ற பெயர் கணினியிலிருந்து வரவில்லை, ஒரு ரகசியத் தகவலிலிருந்து வந்தது. நான்கு பேரைக் கொடுத்தால் கணினி நால்வரில் நெருங்கியவரைச் சொல்லும். உண்மையில் எழுதியவர் ஐந்தாவது ஆளாக இருந்தாலும் சொல்லும். அதோடு, இது முழு நாவல். மூன்று வரி மிரட்டலுக்கு இந்த எண்ணிக்கை முறை சோறு போடாது.

இன்றைய கதைக்கு இன்னொரு சிக்கல் கைபேசி. விசைப்பலகை சொல்லைத் தானாக முடித்துக் கொடுக்கும்போது ணகர னகரப் பிழை மறைந்துவிடுகிறது. குரலால் தட்டச்சு செய்தால் எழுத்துக்கூட்டல் முழுவதும் இயந்திரத்தினுடையது. அப்போது பார்க்க வேண்டியவை வேறு: ஒரே மூச்சில் ஒரு செய்தியா, துண்டு துண்டாக ஐந்தா, முற்றுப்புள்ளி உண்டா, இல்லை மூன்று புள்ளியா, விளிச்சொல் தொடக்கத்திலா முடிவிலா. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்கள் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதற்கு ஊரறிந்த விதி எதுவும் இல்லாததால் நெடிலை எப்படிக் காட்டுவது, ழகரத்துக்கு எந்த எழுத்து என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் ஒருமுறை பழகிய வழியை லேசில் மாற்றவும் மாட்டார்.

கதையின் நிபுணர் நீதிமன்றத்தில் என்ன சொல்வார்? 'இதை எழுதியவர் இவர்தான்' என்று விரல் நீட்டினால் அந்தக் காட்சியைத் துறை தெரிந்தவர் நம்ப மாட்டார். அவருடைய அறிக்கை இப்படித்தான் இருக்கும்: கடிதத்தின் அடையாளங்கள் முதல் நபரின் எழுத்தோடு ஒத்துப்போகின்றன, இரண்டாம் நபரின் எழுத்தோடு ஒத்துப்போகவில்லை, இவர்கள் இருவரும் அல்லாத ஒருவர் எழுதியிருக்கும் வாய்ப்பை இந்த ஆய்வு விலக்கவில்லை. மூன்றாவது வாக்கியம் விறுவிறுப்பைக் குறைக்கிறது என்று வெட்டிவிடாதீர்கள். குறுக்கு விசாரணை தொடங்குவது அங்கேதான்.